தெருவிலிருந்து தூக்கி வந்த பிறகு

நான் ஒரு போக்குவரத்து நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவள். எந்த விஷயத்தையும் வரவு, செலவு என்று இரண்டு பக்கமாகப் பிரித்துப் பார்த்தே பழகிவிட்டது. ஆகவே கணக்கைச் சொல்லியே தொடங்குகிறேன். 2024 டிசம்பரிலிருந்து அடுத்த ஜூன் வரை ஐந்து நாய்க்குட்டிகளுக்கும், நடுவில் வந்து சேர்ந்த ஒரு பூனைக் குடும்பத்துக்கும் நான் செலவழித்தது 64,380 ரூபாய். தெரிந்தவர்கள் கொடுத்தது 6,500. மீதி என் சம்பளத்திலிருந்தும், மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் போட்டுவந்த சீட்டுப் பணத்திலிருந்தும் போனது. ஐந்து குட்டிகளில் மூன்றுதான் பிழைத்தன. இந்தத் தொகையையும் இந்த முடிவையும் முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் தூக்கி வந்திருக்க மாட்டேனா என்றால், வந்திருப்பேன். ஆனால் பணத்தை வேறு வரிசையில் செலவழித்திருப்பேன், இரவில் அழுதிருப்பது பாதியாகக் குறைந்திருக்கும். அட்டைப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு என்ன செய்வது என்று விழித்து நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெரம்பூரில் எங்கள் தெருவில் மூடிக்கிடக்கும் மாவு மில் ஒன்று உண்டு. அதன் படிக்கட்டுக்கு அடியில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. ஃபெஞ்சல் புயல் மழை ஓய்ந்த வாரத்தில் தாயைத் தண்ணீர் லாரி அடித்துவிட்டது. குட்டிகளுக்கு அப்போது ஒன்றரை மாதம் இருக்கலாம். தாமாக நக்கிச் சாப்பிடும் வயது, ஆனால் வண்டி வந்தால் ஒதுங்கத் தெரியாத வயது. தெருவில் எல்லாரும் பாவம் என்றார்கள். டீக்கடையில் பன் பிய்த்துப் போட்டார்கள். யார் வீட்டுக் கதவும் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. குழந்தைகள், முதியவர்கள், ஒற்றை அறை வீடுகள் என்று அவரவருக்கு ஆயிரம் இருக்கிறது. என் மகன் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். மாடி வீட்டில் நான் ஒருத்திதான். மறுபடியும் மழை பிடித்தபோது ஒரு பிளாஸ்டிக் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன்.

மறுநாள் காலையிலிருந்து காப்பகங்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். எங்கும் இடம் இல்லை. ஓர் இடத்தில் எடுத்த உடனேயே எரிந்து விழுந்தார்கள். இன்னோர் இடத்தில் பேசிய பெண் மட்டும் உண்மையைச் சொன்னார்: "தடுப்பூசி போடாத குட்டிகளை இங்கே கொண்டுவராதீர்கள் அம்மா. இடமே இருந்தாலும் கொண்டுவராதீர்கள். நோய் பிடித்துச் செத்துப்போகும்." அப்போது அது தட்டிக்கழிக்கும் பேச்சாகத் தோன்றியது. பிறகுதான் எவ்வளவு சரியான பேச்சு என்று புரிந்தது. நாள்தோறும் அடிபட்டதும் நோயுற்றதுமாக வந்து இறங்கும் இடத்தில், உடலில் எதிர்ப்புச் சக்தியே உருவாகாத குட்டி தாக்குப்பிடிப்பது அரிது. காப்பகம் என்பது கைவிடப்பட்டவற்றின் நிரந்தர வீடு என்று நாம் மனதில் ஒரு படம் வைத்திருக்கிறோம். அடிபட்ட நாய்க்கும் புழுவைத்த புண்ணுக்கும்தான் அது இருக்க வேண்டும். நன்றாக ஓடி ஆடும் குட்டிக்குத் தேவை யாராவது ஒருவர் வீட்டின் ஒரு மூலை, இரண்டு மூன்று மாதங்களுக்கு. அந்த மூலையைத்தான் முதலில் தேட வேண்டும்.

எனக்குக் கிடைத்த மூலை மொட்டைமாடியில் சிமெண்டு ஓடு போட்ட சாமான் அறை. கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கு நாய் என்றாலே ஆகாது. ஒளித்து வைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்துவிட்டு நேராகப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் மூன்று நிபந்தனை போட்டார்: படிக்கட்டில் ஒரு சொட்டு அசுத்தம் இருக்கக் கூடாது, இரவு சத்தம் கேட்கக் கூடாது, பொங்கலுக்குள் எல்லாம் போய்விட வேண்டும். முதல் இரண்டையும் காப்பாற்றினேன். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் மறைத்துச் செய்யவே வேண்டாம். குட்டிகள் கத்தாமல் இருக்கப் போவதில்லை. கண்டுபிடித்த பிறகு நடக்கும் பேச்சில் வீடும் போகும், குட்டிகளும் போகும்.

சாப்பாட்டுக்கு யோசனை சொல்ல ஊரே திரண்டு வந்தது. பால் கொடுங்கள் என்று ஒருவர், பால் பாக்கெட்டையே கையில் திணித்துவிட்டுப் போனவர் ஒருவர். இந்த வயதுக் குட்டிகளுக்குப் பசும்பால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். குழைத்த சோறு, வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கோழி, கொஞ்சம் தயிர், இவ்வளவு போதும். வயிறு மட்டும் பானை போல் உப்பி உடம்பு ஒட்டிப்போயிருந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மருத்துவரிடம் எடை பார்த்துப் பூச்சி மருந்து கொடுத்தபோது நூல் நூலாக வெளியேறியதைப் பார்த்து எனக்கே குமட்டியது. உண்ணிக்கும் மருத்துவர் கொடுத்த மருந்துதான். கடையில் விற்கும் உண்ணிப் பொடியைக் குட்டிமேல் கொட்டாதீர்கள்; நக்கியே விஷம் ஏறிவிடும்.

தடுப்பூசி போட ஒரு வாரம் பொறுத்து வரச் சொன்னார் மருத்துவர். அந்த வாரம் முடிவதற்குள் வெள்ளைக் குட்டி சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. சாயங்காலம் நுரையாக வாந்தி. இரவில் இரத்தமும் நீருமாகப் போனது. அந்த நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தவர்கள் பிறகு அறைக்குள் நுழையும்போதே சொல்லிவிடுவார்கள், இது பார்வோ என்று. குடல் சுவரையே அரித்துவிடும் வைரஸ். உடம்புக்குள் புகுந்து மூன்று நாளிலிருந்து ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும். என் குட்டிகள் தெருவிலிருந்தே அதைக் கொண்டு வந்திருந்தன. வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. நீர்ச்சத்து வற்றாமல் காத்து, வாந்தியை நிறுத்தி, குடல் வழியாக வேறு கிருமி இரத்தத்தில் ஏறாமல் பார்த்துக்கொண்டால் உடம்பே போராடி வெல்லும். சிகிச்சை இல்லாத குட்டிகளில் பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன. உடனே தொடங்கினால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. "நாளை காலை பார்க்கலாம்" என்பது மட்டும் இதில் ஆகாது. ஓர் இரவு என்பது குட்டிக்கு மிக நீளமான காலம்.

அது ஞாயிற்றுக்கிழமை இரவு. திறந்திருந்த ஒரு தனியார் மருத்துவமனையைக் கண்டுபிடித்து, ஆட்டோக்காரர் ஒருவரிடம் கெஞ்சி, இருக்கையில் ரப்பர் ஷீட் விரித்து உட்கார்ந்து போனேன். பரிசோதனை, ட்ரிப், ஊசிகள், அத்துடன் எனக்குப் பெயரே புரியாத ஒரு சத்து ஊசி, ஒரு டானிக். அன்றைய பில் 4,700 ரூபாய். எது எதற்கு என்று கேட்டதற்கு, உயிர் முக்கியமா பணம் முக்கியமா என்று பதில் வந்தது. அந்தக் கேள்விக்குமுன் வாயடைத்துப் போய்விடாதீர்கள். உயிர் முக்கியம் என்பதால்தான் கேட்கிறோம். இன்றே எல்லாப் பணமும் தீர்ந்துவிட்டால் நாளைக்கு ட்ரிப் ஏற்ற எதை வைத்துக் கொடுப்பது? இருக்கும் தொகையை முதலிலேயே சொல்லிவிட்டு, இதற்குள் கட்டாயம் தேவையானது எது என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். பிறகு நான் போன பெண் மருத்துவர் தோலுக்கு அடியில் திரவம் ஏற்றும் விதத்தை எனக்கே கற்றுக்கொடுத்து, நேரில் வர வேண்டிய வேளைகளைக் குறைத்தார். வேப்பேரியில் 1903 முதல் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் கட்டணம் தனியார் இடங்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிட வேண்டும், அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போக வேண்டும். விடுப்பும் பணம்தான், ஆனால் என் கணக்குப் புத்தகத்தில் அதற்குப் பத்தி இல்லை.

வெள்ளைக்குட்டி பிழைக்கவில்லை. அதன் பின்னால் விழுந்த சாம்பல் குட்டியும் போய்விட்டது. மூன்றாவதாகப் படுத்த செவலை, ட்ரிப் ஊசியோடு இருந்த காலைத் தூக்கிக்கொண்டே ஒரு நாள் எழுந்து நின்று வாலை ஆட்டியது. கருப்பனுக்கும், முகத்தில் புள்ளி விழுந்த பெண்குட்டிக்கும் ஒன்றுமே வரவில்லை. ஏன் அவற்றுக்கு வரவில்லை என்று மருத்துவரிடம் கேட்டேன். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஒவ்வொரு குட்டிக்கும் ஒவ்வோர் அளவில் எஞ்சியிருக்கும் என்றார். அதே காரணத்தால்தான் ஒரே ஓர் ஊசி போதாமல் போகிறது: தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை ஊசியின் மருந்தை அது அழித்துவிடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில், நான்கு மாத வயது வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்வது வியாபாரம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அலுவலகத்தில் இன்வாய்ஸ் எண்ணைத் தப்பாக அடித்தேன். சாப்பிட உட்கார்ந்தால் அந்த நாற்றம் மூக்கிலேயே இருந்தது. இறந்த குட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கியபோது பக்கத்து வீட்டுக்காரர், "தெருவிலேயே விட்டிருந்தால் உங்களுக்கு இந்தச் செலவு இல்லையே" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவர் முகத்தில் கதவைச் சாத்தினேன். இந்த வேலையில் கோபம் அதிகம் வரும், அதுவும் சம்பந்தமில்லாதவர்கள்மேல். தனியாகச் செய்யாதீர்கள் என்று சொல்வது எளிது, ஆள் கிடைக்காமல்தான் தனியாகச் செய்கிறோம். ஆனால் இரவில் தொலைபேசியில் பேசக்கூடிய ஓர் ஆளாவது இருக்க வேண்டும். எனக்கு மகன் இருந்தான். அவனும் பாதி நேரம், "அம்மா, இதற்குமேல் எடுக்காதே" என்றுதான் சொன்னான்.

பார்வோ வந்த இடத்தை ஃபினாயிலால் கழுவினால் கிருமி போகாது. மாதக்கணக்கில், வெயில் படாத இடத்தில் ஓர் ஆண்டுக்கு மேலும் அது தரையில் உயிரோடு இருக்கும். முதலில் அழுக்கு முழுவதையும் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு திரவ பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். பிளீச்சோடு ஃபினாயிலையோ ஆசிட்டையோ கலக்கக் கூடாது. ஆசிட்டோடு சேர்ந்தால் வருவது விஷவாயு. சாக்கு, அட்டைப்பெட்டி, துணி எல்லாவற்றையும் தூர எறிந்துவிட வேண்டியதுதான். மாடிக்கு ஒரு செருப்பு, வெளியே ஒரு செருப்பு. தடுப்பூசி முடிக்காத வேறு எந்தக் குட்டியையும் அந்த அறைக்குள் விடவே கூடாது. இது ஒன்றைத்தான் எல்லாருக்கும் உரக்கச் சொல்ல விரும்புகிறேன்: போன குட்டியின் துக்கத்தில் அடுத்த குட்டியைத் தூக்கிவந்து அதே இடத்தில் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மருந்து கொடுக்கும்போது செவலை என் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. பால் பல்தானே, சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது. வெறிநாய்க்கடி நோய் குட்டிகளுக்கும் வரும். அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரைக் காப்பாற்ற வழியே இல்லை என்று சொல்லிவிடலாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். ஊசி இலவசம். இரத்தம் வரும்படியான கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் தேவை, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் காயத்தில் அப்பாதீர்கள். அட்டவணையில் எழுதிய தேதிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள். கடித்த குட்டி பிறகு நன்றாகத்தானே இருக்கிறது என்று நடுவில் நிறுத்துவது மருத்துவர் சொல்லி நடக்க வேண்டியதே தவிர நாமாக முடிவு செய்வதல்ல. தொடர்ந்து இந்த வேலையில் இருப்பவர்கள் கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் மறுபடி கடிபடும்போது இரண்டு ஊசியோடு முடிந்துவிடும்.

பொங்கலும் வந்தது. மூன்று குட்டிகளும் கொழுகொழுவென்று இருந்தன, வீடுதான் கிடைக்கவில்லை. உயிர் பிழைக்க வைப்பது நோயோடு நடத்தும் சண்டை. வீடு தேடுவது மனிதர்களோடு. இரண்டாவதுதான் என்னை அதிகம் களைக்கவைத்தது. படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். வந்த அழைப்புகளில் முதல் கேள்வி எப்போதும் "ஆணா, பெண்ணா?" என்பதுதான். பெண் என்றதும் அழைப்பு அறுந்துவிடும். அடுத்த கேள்வி, "என்ன ஜாதி?" நாட்டு நாய் என்றால், "ராஜபாளையம் கலப்பு ஏதாவது...?" என்று ஒரு நப்பாசை. கருப்பு என்றால் ராசி இல்லை. ஒருவர் மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார், செங்குன்றம் தாண்டித் தோப்பு இருக்கிறது என்றார். காவலுக்கா என்றேன், ஆமாம் என்றார். இரவில் அங்கே யார் தங்குவார்கள் என்றேன். யாரும் இல்லை, அதனால்தான் நாய் என்றார். தோப்புக் காவல் என்றால் பெரும்பாலும் ஒரு மரமும் ஒரு சங்கிலியும், இரண்டு நாளைக்கு ஒரு முறை வரும் சோறும்தான். மறுத்துவிட்டேன்.

இதில் அனுபவத்தில் பிடிபட்ட சிலவற்றைச் சொல்கிறேன். விளம்பரத்தில் "இலவசம்" என்று போடாதீர்கள். குட்டி போடவைத்து விற்கிறவர்களும், இரண்டு நாள் ஆசைக்குக் கேட்கிறவர்களும்தான் அதற்கு முதலில் வருவார்கள். "நாய் பிடிக்குமா?" என்று கேட்டால் எல்லாரும் பிடிக்கும் என்பார்கள். அதற்குப் பதில் பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், இதற்குமுன் வளர்த்த நாய் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "ஓடிப்போய்விட்டது" என்று பதில் வந்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்வேன். குட்டியைப் பாதி வழியில் பஸ் நிறுத்தத்தில் வைத்துக் கைமாற்றாதீர்கள். நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். வெளிக்கதவின் இடைவெளி, கட்டிப்போடும் சங்கிலி, படுக்கும் இடம் எல்லாம் ஐந்து நிமிடத்தில் கண்ணில் படும். அடையாள அட்டை நகலோடு ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். வளர்க்க முடியாவிட்டால் என்னிடமே திருப்பித் தர வேண்டும் என்ற வரி அதில் இருக்கட்டும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு யாரும் நீதிமன்றத்துக்குப் போகப்போவதில்லை. ஆனால் கையெழுத்துப் போடத் தயங்குகிறவர் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடுவார்.

கருப்பன் வில்லிவாக்கத்தில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தம்பதியிடம் போனான். அவர்கள் கேள்வி கேட்கவே இல்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது; போய்ப் பார்த்தால் பதினான்கு ஆண்டு வளர்த்த நாயின் படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். செவலை அயனாவரத்தில் ஓர் அச்சகத்துக்குப் போனான். அச்சக முதலாளி வீடும் அதே மாடியில் என்பதால் சம்மதித்தேன். புள்ளியை எடுத்துப்போன குடும்பம் படித்தவர்கள், பேச்சில் அவ்வளவு அன்பு. சில வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். வீட்டு உரிமையாளருக்குத் தெரியாமல் வைத்திருந்தார்களாம். அன்றிலிருந்து, வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் நானே பேசிய பிறகுதான் மேற்கொண்டு எதுவும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்தார் வளர்ப்பு நாயையே தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இருந்தாலும் சண்டை போட்டுக்கொண்டே நாய் வளர்க்கும் திராணி அந்தக் குடும்பத்துக்கு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கருத்தடை விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. மூன்று மாதக் குட்டியைக் கேட்டு வருகிறவர்கள் ஆறு மாத நாயைக் கேட்டு வருவதில்லை. அறுவைக்காகக் காத்திருந்தால் வீடு கிடைக்காது. காத்திராமல் கொடுத்தால் "செய்துவிடுகிறோம்" என்ற வாக்கு காற்றோடு போகும். ஆண்குட்டிகளை அப்படியே கொடுத்துவிட்டு, அறுவைக்கு நானே அழைத்துப்போகிறேன், செலவும் என்னுடையது என்று சொல்லி இரண்டையும் முடித்தேன். பெண்குட்டியைக் கருத்தடை செய்யாமல் இனி யாருக்கும் தருவதில்லை. புள்ளிக்குச் செய்து முடிப்பதற்குள் வீட்டுக்கார அம்மாவே அவளுக்கு மீன் தலை கொண்டுவரத் தொடங்கிவிட்டார். புள்ளி இப்போது என்னுடையவள். மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமமும் எடுத்துவிட்டேன். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று இல்லாமல் அது கிடைக்காது, அட்டையை அதற்காகவும் பத்திரப்படுத்துங்கள்.

நாய்க்காரம்மா என்று தெருவில் பெயர் வாங்கிவிட்டால் அடுத்து நடப்பதை யாரும் எச்சரிப்பதில்லை. மார்ச் மாதம் ஒரு காலை, கண் திறந்து சில நாட்களே ஆன மூன்று பூனைக்குட்டிகள் மாம்பழப் பெட்டியில் என் வாசலில் இருந்தன. விலங்கைக் கைவிடுவது 1960 ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் அதிகபட்சம் ஐம்பது ரூபாய். பெட்டியோடு வந்த ஆட்டோவுக்கே அதைவிடக் கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள். ஆனால் விசாரித்ததில் கொண்டுவந்தது நான்கு வீடு தள்ளி இருக்கும் கல்லூரிப் பெண். சன்ஷேடில் தாயில்லாமல் கத்திக்கொண்டிருந்தன, காப்பாற்றினேன் என்றாள். தாய் இல்லை என்று எப்படித் தெரியும் என்றால், ஒரு மணி நேரம் பார்த்தாளாம். தாய்ப்பூனை இரை தேடப் போனால் மணிக்கணக்காகும், ஆள் நின்றால் கிட்டவே வராது. குட்டிகள் சுத்தமாக, வயிறு நிறைந்து, கதகதப்பாக இருந்தால் தாய் எங்கோ அருகில்தான் இருக்கிறாள். நாமே பெட்டியை அதே சன்ஷேடில் வைத்துவிட்டு, அவள் வீட்டு ஜன்னலை மூடி உள்ளிருந்து பார்த்தோம். இருட்டிய பிறகு சாம்பல் நிறப் பூனை ஒன்று வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு பக்கத்துக் கூரைக்குப் போனது.

தாய் உண்மையிலேயே இல்லாத குட்டி என்றால் அது வேறு வேலை. இரவும் பகலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பூனைக்குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். உடம்பு சில்லிட்டிருந்தால் முதலில் சூடேற்ற வேண்டும். குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காமல் அதுவே எமனாகிவிடும். மனிதக் குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற வைத்துத்தான் ஊட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பின்புறத்தைத் துடைத்துவிட்டால்தான் சிறுநீரும் மலமும் போகும். அலுவலகம் போகிறவர்களால் தனியாக முடியாது, ஆசைப்படாதீர்கள். இன்னும் இரண்டு எச்சரிக்கைகள்: பூனைக்குப் பாரசிட்டமால் கொடுத்தால் இறந்துவிடும், கால் மாத்திரைகூடக் கூடாது. நாய்க்கு வாங்கிய உண்ணிச் சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் என்று எழுதியிருந்தால் அதுவும் பூனைக்கு விஷம்.

அந்தச் சாம்பல் பூனைக்கு நான் செய்ததுதான் மொத்தக் கணக்கிலும் உருப்படியான செலவு என்று நினைக்கிறேன். குட்டிகள் இரண்டு மாதம் தாண்டித் தாமாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு, பொறிக்கூண்டு ஒன்றைக் கடன் வாங்கி, கருவாடு வைத்து அவளைப் பிடித்தோம். கருத்தடை 4,500 ரூபாய், தடுப்பூசி தனி. கருத்தடை ஆனதைக் காட்டும் அடையாள வெட்டு காது நுனியில் இருக்க, மறுபடி அதே கூரைக்குப் போய்விட்டாள். பாலூட்டிக்கொண்டிருக்கும்போதே பூனை அடுத்த சினை பிடித்துவிடும்; ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று சாதாரணம். மூன்று குட்டிகளில் ஒன்று போன இடம் தெரியவில்லை. இரண்டுக்கு வீடு பார்த்தது அந்தக் கல்லூரிப் பெண்தான், ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். மாடி வீட்டுப் பூனைகள் அதிகம் சாவது ஜன்னலிலிருந்து விழுந்துதான் என்று மருத்துவர் அவளைப் பயமுறுத்தியிருந்தார்.

2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு வந்ததும் எங்கள் தெருவிலும் பேச்சு சூடானது. எல்லாவற்றையும் பிடித்துப்போய் அடைத்துவிடுவார்கள் என்று ஒருவர் செய்தித்தாளோடு வந்தார். பதினொன்றாம் தேதி வந்த உத்தரவை இருபத்திரண்டாம் தேதி நீதிமன்றமே திருத்திவிட்டது: வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், கண்ட இடத்தில் சோறு போடாமல் அதற்கென ஒதுக்கிய இடத்தில் போட வேண்டும். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடித்தவற்றை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று நவம்பரில் இன்னோர் உத்தரவும் வந்தது. நாயை வேறு பகுதிக்குக் கொண்டுபோய் விடுவது பயன் தராது என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964 லேயே நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விடும் வழியைத் தொடங்கியது. மாநகராட்சி 1996 இல் அதைக் கையில் எடுத்தது. அப்படியும் 2024 இல் எடுத்த கணக்கெடுப்பில் நகரத்தில் சுமார் 1.81 லட்சம் தெருநாய்கள். அவற்றில் கருத்தடை ஆனவை நான்கில் ஒரு பங்கைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தன.

ஆகவே யாராவது என்னிடம் ஒரு குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால், உங்கள் தெருவில் கருத்தடை ஆகாத பெட்டை நாய்கள் எத்தனை என்று திருப்பிக் கேட்கிறேன். காதில் வெட்டு இருக்கிறதா என்று பார்த்தாலே தெரியும். மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதிந்தால் வண்டி வரும், கட்டணம் இல்லை. வரும் நேரத்தில் அந்த நாய்களுக்குப் பழகிய ஆள் ஒருவர் அங்கே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அவை வண்டிச் சத்தத்துக்கே ஓடிவிடும். பிடித்துப்போகும்போது படம் எடுத்து, புகார் எண்ணோடு குறித்துவைத்துக்கொண்டால் திரும்ப எங்கே விட வேண்டும் என்ற வாக்குவாதம் வராது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாயை மட்டும் பிடிக்க விடாதீர்கள். குட்டிகள் பட்டினி கிடக்கும். எங்கள் தெருவிலும் பின்தெருவிலும் இப்போது காதில் வெட்டு இல்லாத பெட்டை ஒன்றுதான், அது யார் கைக்கும் அகப்படாத கிழட்டுச் சாமர்த்தியசாலி.

பொறிக்கூண்டு ஒன்றை நானே 3,200 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறேன், வேப்பேரிக்குத் துணைக்கும் போகிறேன். குட்டிகளை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. கூண்டைத் திருப்பித் தரும்போது பிளீச்சில் கழுவித் தர வேண்டும். அதற்கான பாட்டிலையும் அளவுக் குவளையையும் கூண்டோடு சேர்த்தே கொடுத்துவிடுகிறேன், வீட்டில் பிளீச் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாதபடி.